படகுக்கு நாடி பார்த்தவள்

"எம் மக படகுக்கு நாடி பார்த்தா" என்று முன் இருக்கையில் ஓர் அம்மா சொன்னது காதில் விழுந்தது. புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்.

"படகுக்கா? என்னக்கா சொல்றீங்க?" என்றார் பக்கத்தில் இருந்த பெண்.

"பிலிமத்தலாவை கராஜ்லதானே வேலை செய்றா. நீர்த்தேக்கத்துல டூரிஸ்ட் படகு ஓட்டுறவரு கூப்பிட்டாரு. இஞ்சின் மேல்பக்கம் டக்டக்னு ஒரே சத்தமாம். இவளப் பார்த்ததும் 'மெக்கானிக் பாஸ் வரலியா'ன்னு கேட்டாரு. 'நான்தான் பாஸ்'னா."

"அப்புறம்?"

"நீட்டு ஸ்க்ரூ டிரைவர இஞ்சின்ல வச்சு, பிடியில காத வச்சுக் கேட்டா. வால்வத் தூக்குற லிப்டர்லதான் சத்தம்னா. இஞ்சினப் பிரிக்கணுமோன்னு அவரு பயந்துட்டாரு. இவ ஆயில் அளவு பார்க்குற கம்பிய இழுத்துப் பார்த்தா, அளவுக்கு மேல ஊத்தி வச்சிருக்காங்க. ஆயில் நுரைச்சு, லிப்டருக்குள்ள காத்து புகுந்துருச்சாம், அதான் சத்தம். பழச எடுத்துட்டு, அளவாப் புதுசு ஊத்தி ஓடவிட்டா. கொஞ்ச நேரத்துல சத்தமே இல்ல."

"நீங்களும் போயிருந்தீங்களா?"

"லீவு நாள், கூடப் போனேன். தண்ணின்னாலே எனக்கு நடுக்கம், தெரியும்தானே? ஆனா எம் மக சரியாக்கின இஞ்சினாச்சே. ஏறி உக்காந்து நடுத் தண்ணி வரைக்கும் போய்ட்டு வந்தேன்."