கோட்டை வாசல் கழுகு

— ஏணியில பாத்து இறங்கு, தம்பி. அந்த மூணாவது படி ஆடும். கழுகைச் சுரண்ட வந்தவன் எலும்பை நான் பொறுக்க முடியாது.

— கீழே என்ன கல்லு அது, ஹெலேனாம்மா?

— எங்க அப்பா பேர் வெட்டினது. கழுகுக்கு நேர் கீழே பதிக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வார்சாவிலேருந்து பெரிய மனுஷங்க வந்து திறக்கறாங்க. படிக்கறேன், கேளு. "ஜெர்மானியர் பூசிய கறுப்பைச் சுரண்டி, உள்ளே மறைந்திருந்த போலந்தின் வெள்ளைக் கழுகை 1945-இல் மீட்டவர், அல்போன்ஸ் கோட்சூர்." எப்படி?

— நல்ல கல்லு.

— எழுத்தைக் கேட்டா கல்லைச் சொல்றான்! கிராக்கூவ் ஊர்க்காரன் புத்தி. வா, கசகசா கேக் வெச்சிருக்கேன்.

— அம்மா, அவரு சுரண்டவே இல்ல. கறுப்பு மேலயே வெள்ளையை அடிச்சிருக்காரு. கறுப்புக்குக் கீழே வெறும் கல்லுதான்.

— மெதுவாப் பேசு. ஆளுங்க போறாங்க.

— ஆராயத்தானே என்னை அனுப்பியிருக்காங்க, அறிக்கையில எழுதியாகணும். கோட்டை யாருதுன்னு நாப்பது வருஷமா ரெண்டு தேசமும் இந்தப் பறவையைத்தான் சாட்சிக்கு இழுக்குது.

— கேட்டியா தம்பி, நாப்பத்தஞ்சுல ஊரு போலந்து கைக்கு வந்ததும் அவங்க அதிகாரிங்க இதே வாசல்ல மேசை போட்டு உக்காந்தாங்க. "நீ போலந்துக்காரன்தானா? நிரூபி"ன்னாங்க. அம்மா போலிஷ்ல ஜெபம் சொன்னா. பத்தல. பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் ஜெர்மனிக்கு ரயிலேத்தியாச்சு. அப்பா மேலே கையைக் காட்டினாரு. "அதோ, நான் மீட்ட கழுகு." பெயின்ட் கூட காயல. முத்திரை குத்திட்டாங்க. மேசைக்கு இந்தப் பக்கம் ஹில்டாவா நின்னேன், அந்தப் பக்கம் ஹெலேனாவாப் போனேன்.

— ஜெர்மன் பேரு போயி போலிஷ் பேரு.

— அந்தக் கழுகாலதான் எனக்கு இந்த வாசல் வேலை, மாடி ரூம், எல்லாம். நீ எழுதினா ஞாயித்துக்கிழமை கல்லு போகும், திங்கக்கிழமை நான் போவேன்.

— கறுப்பு அடிச்சதும் அவர்தானே?

— யாரு சொன்னா?

— தூரிகைதான். ரெண்டு தடவையும் இடது கையால இழுத்திருக்காரு.

— இந்த ஊருக்கு இருந்ததே ஒரு பெயின்டர். முப்பத்தி நாலுல, இது ஜெர்மனியா இருந்தப்ப, ஒரு அதிகாரி வந்தான். கீழே நின்னு அண்ணாந்து பாத்து, "இந்தக் கழுகைக் கறுப்பா அடி"ன்னான். அடிச்சாரு. வேற என்ன செய்வாரு?

— சரி, இன்னொண்ணு. அலகு கல்லு இல்ல, சுண்ணாம்புச் சாந்து. ஈரத்துணி வெச்சேன், கையோட வந்துடுச்சு. இதோ.

— ஐயோ. அப்ப உள்ளே?

— தட்டையா, அகலமா ஒரு மூக்கு. நகமும் சாந்துதான். எடுத்தா விரலுக்கு நடுவுல தோல். எழுநூறு வருஷமா இந்த வாசல்ல உக்காந்திருக்கறது வாத்து, அம்மா.

— சிரிக்காத.

— சிரிக்கல. வார்சாவும் சிரிக்காது, பெர்லினும் சிரிக்காது. யாரோ குளத்தங்கரைப் பிரபுவோட சின்னமா இருக்கும். அப்ப இந்த ரெண்டு தேசமும் அவருக்குத் தெரியுமோ என்னவோ.

— என்ன பண்ணப் போற?

— நான் கிறுக்கன், அம்மா. கேக்கும் நல்லாருக்கு. புதுச் சாந்து ஞாயிறுக்குள்ள காஞ்சுடும். அலகை ஒட்டி வெள்ளை அடிச்சுட்டு, எதையும் எழுதாம ஊருக்குப் போயிடறேன். சரின்னு சொல்லுங்க.

— சொல்லாட்டி?

— படிவத்துல ஒரு கட்டம் இருக்கு: பிற்காலத்துல மாத்தினவர், பேரு, எந்த தேசம். அதை நிரப்பணும். சாந்துல ஒரு கட்டைவிரல் பதிஞ்சிருக்கு. உங்க அப்பாவோடது இல்ல. ரொம்பச் சின்ன விரல்.

— பயந்து ஒரு தடவை கறுப்பு, பயந்து ஒரு தடவை வெள்ளை. போதும் தம்பி. கட்டத்தை நிரப்பு.

— என்னன்னு?

— "அதிகாரி கழுகுன்னுட்டான், வாத்துன்னா அடிப்பான், நீ மூக்கை வளை பாப்பா"ன்னாரு அப்பா. ஹில்டா, எட்டு வயசுன்னு எழுதிக்கோ. தேசம்னு கேட்டிருக்கற இடத்தை அப்படியே விட்டுடு.