நவரட்ணம் அண்ணையின் குளிசைப் பெட்டி

மேசையில் கோலால் பந்தடிக்கும் பூல் விளையாடப் போகிறவன் ரவுடி என்று எங்கள் சனத்திடம் இன்னும் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை முதலில் திருத்திவிடுகிறேன். ஸ்காபரோவில் நாங்கள் விளையாடும் மண்டபத்துக்கு ஒரு பக்கம் சேலைக்கடை, மறுபக்கம் பல் டொக்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவோம், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். குடிப்பது பால்தேத்தண்ணீர், கடிப்பது மட்டன் ரோல். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வருத்தம்.

நிசாந்தினி, மொழிபெயர்ப்பாளரான நீங்கள்தான், "ஆறுதலா இருந்து தமிழிலேயே எழுதுங்கோ அங்கிள், நான் அப்பிடியே இங்கிலீசில மாத்திக் குடுக்கிறன்" என்று பேப்பரும் பேனையும் தந்தீர்கள். பொலிஸ் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. நவரட்ணம் அண்ணையோடு எனக்கு என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை என்று எழுதுங்கள். அவரைப்போல ஒரு நல்ல மனிதரை நான் இந்த நாட்டில் சந்திக்கவில்லை.

என் பெயர் அருள்நாயகம். வயது ஐம்பத்தாறு. சாப்பாட்டுச் சாமான் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் லேபிள் சரிபார்க்கும் வேலை. எட்டு வருடங்களுக்கு முன்னர், என் முதலாவது சுற்றுப்போட்டியில், நவரட்ணம் அண்ணைதான் என் எதிராளி. என்னைப் பத்து நிமிடத்தில் தோற்கடித்துவிட்டு, தன்னுடைய ரோலில் பாதியைப் பிய்த்துத் தந்தார். "தோத்தவனுக்குத்தான் பசி கூட" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரூஜ் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போய், அவரை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போவது என் வழக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆறு வகை மருந்துக் குளிசைகளுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கண் சரியில்லை. அவருடைய மனைவி புனிதவதி அக்காவுக்கு அந்தப் போத்தல்களைக் கண்டாலே தலைசுற்றும். மகள் சிவானி ஒட்டாவாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், நினைத்தவுடன் வர இயலாது. "தம்பி, நீங்கள் லேபிள் பாக்கிற ஆள்தானே, இதை ஒருக்கா ஒழுங்குபடுத்தித் தாங்கோவன்" என்று அக்கா கேட்டார். கிழமையின் ஏழு நாளுக்கும் காலை, மாலை என்று பதினான்கு அறைகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு அவர்களுடைய சமையலறை மேசையில் இருந்து அதை நிரப்புவேன். மூன்று வருடத்தில் ஒரு குளிசை மாறியதில்லை. இதையும் எழுதுங்கள்.

இனி என்னுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் என் வலது கை நடுங்கத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது இல்லை. கியூக் கோலைப் பிடித்து, குனிந்து, வெள்ளைப் பந்தைக் குறிபார்க்கிறபோது வரும். பார்க்க ஆள் நின்றால் கூடும். என் அப்பாவுக்கும் இப்படித்தான். ஊரில் அவருக்கு நடுங்கியர் என்று பட்டம். அவர் இறந்து முப்பது வருடமாகிறது. மார்க்கம் நகரில் ஒரு கலியாண வீட்டில் எங்கள் ஊர் குலசிங்கம் என்னைக் காட்டி, "இவரைத் தெரியேல்லையே? நடுங்கியரின்ர மகன்" என்று ஒரு மேசை முழுவதற்கும் அறிமுகம் செய்துவைத்தார். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்தக் குலசிங்கமும் எங்களுடன் பூல் விளையாடுகிறவர். நல்ல கண், இன்னும் நல்ல வாய்.

டொக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். எங்கள் குடும்ப டொக்டர் தமிழர். அவருடைய காத்திருக்கும் அறையில் இருபது பேர் இருந்தால் பதினைந்து பேர் எனக்குத் தெரிந்தவர்கள். "என்ன வருத்தம்?" என்று கேட்காமல் ஒருவரும் விடமாட்டார்கள். நான் இரண்டு தடவை வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் உள்ளே தெரிந்த முகங்கள். வியர்த்துப்போய்க் காருக்குள் வந்து இருந்தேன். எனக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கமில்லை, நான் சிறுவயதிலிருந்தே பயந்தவன்.

இந்த வருடச் சுற்றுப்போட்டிக்கு முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தோம். தோற்றவர் வெளியே. ஐந்து ஞாயிறுகள். நடத்துவது கிளடிஸ் என்ற ஒரு கெட்டிக்காரப் பெண். முக்கியமான ஆட்டங்களைப் போனில் வீடியோ எடுத்து எங்கள் வாட்சப் குழுவில் போடுவார். கையைக் கிட்டத்தில் காட்டுவார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்துவிட்டது.

போட்டி தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், தேத்தண்ணீர் குடிக்கும்போது நவரட்ணம் அண்ணை சொன்னார்: "இந்த வெள்ளைக் குளிசை தொடங்கினாப் பிறகு என்ர கை கல்லு மாதிரி நிக்குது பாருங்கோ. நெஞ்சுக்குத் தந்தது, கைக்கு வேலை செய்யுது." எல்லோரும் சிரித்தார்கள். கிளடிஸ், "அண்ணை, உது களவு விளையாட்டு, போட்டியில இருந்து உங்கட பேரை வெட்டவேணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. எந்தப் போத்தல் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பெட்டியை நிரப்பும்போது ஒன்றை எடுத்தேன். ஒன்றே ஒன்று. மண்டபத்தில் என் கை அசையவில்லை. நெஞ்சுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த எதுவோ நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த அமைதியை உங்களுக்கு விளக்க என்னிடம் தமிழும் இல்லை.

கேட்டிருந்தால் அவரே தந்திருப்பார். ஆனால் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். சொன்னால் அவர் அக்காவுக்குச் சொல்வார், அக்கா கோயிலில் சொல்வார், கடைசியில் அது குலசிங்கத்தின் காதுக்குப் போகும். ஆகவே கேட்கவில்லை.

பிறகு பயிற்சி நாட்களுக்கும் தேவைப்பட்டது. பிறகு வேலைக்கும். கை நடுங்காமல் லேபிளைப் பிடித்துப் பார்க்கிற சுகத்தைக் கண்டவன் அதை விடமாட்டான். வெறும் அறைகள் தெரிந்துவிடுமே என்று மூன்று கடை ஏறியிறங்கி, அதே அளவில், அதே வெள்ளையில், எலும்புக்கு நல்லதென்று விற்கிற சுண்ணாம்புச்சத்துக் குளிசை வாங்கினேன். அதைவிட மலிவான வேறொன்று இருந்தது. அது அவருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது என்று வாங்கவில்லை. போட்டியின் மூன்றாவது ஞாயிறு வந்தபோது பதினான்கு அறைகளிலும் நான் வாங்கியதுதான் இருந்தது. மற்ற ஐந்து வகைக் குளிசைகளில் நான் கை வைக்கவில்லை.

அரையிறுதியில் நவரட்ணம் அண்ணையும் நானும் மோதினோம். அவருடைய முகம் வெளிறியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பிறகு கதிரையில் இருந்தார். கடைசியாகப் போடவேண்டிய கறுப்புப் பந்து பொக்கற் குழியின் வாயில் நின்றது, தட்டினால் விழும். அவர் குனிந்தார். கியூவின் நுனி ஆடியது. கிளடிஸ் போனைக் கிட்டே கொண்டுபோனார். பந்து விழவில்லை.

"என்ன அண்ணை, நீங்களும் நடுங்கியர் ஆகிட்டியளோ?" என்றார் குலசிங்கம்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். நான் கறுப்பைப் போட்டு வென்றேன். அந்தப் பட்டம் என் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலைக்குப் போனதைக் கண்ணால் கண்டேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன.

திரும்பி வரும்போது காருக்குள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அருள், ரண்டு கிழமையா நெஞ்சு படபடவெண்டு அடிக்குது. குளிசை ஏதும் மாறிப்போச்சோ?"

"இல்லை அண்ணை. நான் பாத்துத்தான் போட்டனான்."

"அது சரி, நீ பிழை விடமாட்டாய். குளிராலதான் போல."

"எதுக்கும் வீட்டை போய் ஒருக்காச் செக் பண்ணிவிடுறன்" என்றேன்.

அவர் சோபாவில் சாய்ந்துகொண்டார். அக்கா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் தனியே இருந்து, அந்த வெள்ளைக் குளிசைப் போத்தலின் லேபிளை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். என் தொழிலே அது, ஆனாலும் அதுவரை வாசிக்கவில்லை. டொக்டரைக் கேட்காமல் இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. நான் பயந்த நாட்களிலெல்லாம் மிகக் கூடப் பயந்தது அந்த நிமிடம்தான்.

உண்மையான குளிசைகள் என் சேர்ட் பையில் இருந்தன. பெட்டி எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. மாற்றிப் போட இரண்டு நிமிடம் போதும். நான் யோசித்தேன். அடுத்த ஞாயிறு இறுதியாட்டம், குலசிங்கத்தோடு. போத்தலிலும் சிலதான் மிச்சம், பையில் இருந்தது ஒருவருக்குத்தான் காணும். பாதிப் பாதியாகப் பிரிக்கலாமா என்றும் யோசித்தேன், பாதியில் என் கை நிற்குமோ தெரியவில்லை. அவர் வீட்டில் இருக்கிற மனிதர், சோபாவில் சாய்ந்திருக்கலாம். நான் முப்பது பேருக்கு முன்னால் நிற்கவேண்டியவன். ஒரு கிழமைதானே என்று பதினான்கு மூடிகளையும் ஒவ்வொன்றாக மூடினேன்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை பனி கொட்டியிருந்தது. கார்ப் பாதையைத் துப்புரவாக்க வெளியே போனவர் பனி அள்ளும் சவளுடன் விழுந்துவிட்டார். பனி அள்ளப் போய் மாரடைப்பு என்றார்கள். இந்த நாட்டில் வருடாவருடம் நடக்கிற விஷயம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டில் மூன்று நாளும் நான்தான் கதிரை அடுக்கினேன், ஆட்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுதார். "தம்பி, இந்தப் போத்தலுகளைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது. மருந்துக்கடையில திருப்பிக் குடுத்துவிடுங்கோ" என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். ஐந்து போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

இறுதியாட்டத்தை ஒரு கிழமை தள்ளி, அவருடைய நினைவாக நடத்தினார்கள். ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு விளையாடினோம். எங்கள் போட்டிகளுக்கு நடுவர் கிடையாது. சேர்ட் கை பந்தில் பட்டால்கூட, பட்டவரே சொல்லவேண்டும். கடைசி ஆட்டத்தில் என் சேர்ட் கை ஒரு பந்தில் லேசாகப் பட்டது. குலசிங்கம் அப்போது தன் கியூ நுனிக்குச் சோக் தேய்த்துக்கொண்டிருந்தார், ஒருவரும் காணவில்லை. நான் நிமிர்ந்து, "ஃபவுல், பந்தில முட்டிப்போட்டுது" என்றேன். மண்டபம் முழுவதும் கைதட்டியது. அந்த ஒரு பிழையால் நான் தோற்றேன். குலசிங்கம் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ மனிசனடா" என்றார். வீடியோ இன்னும் குழுவில் இருக்கும், பாருங்கள். கை ஒரு நூல்கூட ஆடியிருக்காது.

அக்கா போத்தல்களைத்தான் தந்தார், பெட்டியைத் தரவில்லை. கணவர் திறக்காத வெள்ளி, சனி அறைகளை வீசிவிட அவருக்கு மனம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த மகள் சிவானி அதைத் திறந்து பார்த்திருக்கிறாள். அப்பாவின் குளிசையில் எழுத்துப் பொறித்திருக்கும், பெட்டிக்குள் இருந்தவை வெறும் வெள்ளை. மருந்துக்கடைப் பிள்ளைக்கு அதற்குமேல் சொல்லவேண்டுமா? அந்தப் பெட்டியை எடுத்துவிட எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. எடுக்கவில்லை. தடயத்தை மறைக்கிற ஆள் நான் இல்லை என்பதை அதிகாரி கவனிக்கவேண்டும்.

ஆகவே, ஓம். நவரட்ணம் அண்ணையின் மருந்தை எடுத்தது நான். நிறுத்தினால் என்ன நடக்கலாம் என்று வாசித்த பிறகும் பெட்டியை மூடியது நான். எவரும் என்னைத் தூண்டவில்லை.

தடுப்பு நிலையத்தில் முதல் நாளே என் கையைப் பார்த்து டொக்டர் ஒருவர் விசாரித்தார். வெள்ளைக்காரர், என் ஊர் தெரியாதவர், ஆகவே சொன்னேன். இது பரம்பரையாக வருகிற சாதாரண நடுக்கம், ஆபத்தில்லை, கேட்டிருந்தால் எந்த டொக்டரும் மருந்து தந்திருப்பார் என்றார். ஒரு குளிசையின் பெயரை எழுதினார். அதே பெயர்.

இப்போது காலையும் மாலையும் தாதி ஒருவர் அதைச் சின்னக் கோப்பையில் போட்டுக் கொண்டுவருகிறார். நான் உடனே விழுங்குவதில்லை. வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தை வாசித்து, அதுதானா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். அவர் அவசரப்படுத்துகிறார். அவருக்கு இதை நீங்கள் இங்கிலீசில் விளங்கப்படுத்திவிட்டால் உதவியாக இருக்கும், நிசாந்தினி: நெஞ்சோடு சம்பந்தப்பட்ட மருந்து, இன்னொருவர் எடுத்துத் தருவதை நம்பி அப்படியே விழுங்க எனக்குப் பயம்.