நூல் விட்ட பீப்பாய்

புளித்த பீரையும் கெட்டுப்போன பீரையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள், ஐயா. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டுமே முதல் வாயில் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆனால் காற்றில் வரும் நுண்ணுயிர்களை நம்பி, மரப் பீப்பாயில் மாதக்கணக்காகப் புளிக்கவைக்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். மேலே பாலாடை போல வெள்ளை ஏடு படிந்தால் பயமில்லை. அது பீருக்குப் போர்வை. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் முளைத்தால் கொட்டிவிட வேண்டியதுதான். புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்க வேண்டும். தொண்டையைப் பிடித்தால் அது காடி. நகப்பூச்சு வாடை அடித்தால் கையெடுத்துக் கும்பிட்டு விடைகொடுத்துவிடலாம்.

ஒன்றில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். சில பீப்பாய்கள் நடுவில் கொழகொழவென்று ஆகிவிடும். ஊற்றினால் முட்டையின் வெள்ளைக்கரு போல நூல் விடும். பார்த்தால் ஊசிப்போனது போலவே இருக்கும். அது கெடுதல் இல்லை, ஒரு காய்ச்சல். மூடியைத் திறக்காமல், கிளறாமல், சும்மா விட்டால் தானே தெளியும். தெளிந்தபின் முன்னைவிட ருசியாகவும் இருக்கும். பொறுமைதான் மருந்து. எனக்குப் பொறுமை அதிகம். கடவுள் கொடுத்தது.

என் தங்கை கணவரும் நானும் சேர்ந்துதான் இந்தப் பீர்க் கூடத்தை நடத்தினோம். காலையில் நான் வருவதற்குள் என் ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். ஈரமாக இருந்தால் எனக்கு விரலிடுக்கில் புண் வரும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர். அதனால்தான் வலித்தது.

ஆளுக்கொரு பீப்பாய் சொந்தக் கைப்பக்குவத்தில் போட்டு வைத்திருந்தோம். விடுதிக்காரர் ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்தார். பிடித்த பீருக்கு, போட்டவர் பெயரையே வைப்பதாகச் சொல்லியிருந்தார். என் பீப்பாய் அப்போது காய்ச்சலில் இருந்தது. நான் பீப்பாய் வரிசைக்குப் பின்புறமாக வந்தபோது மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

“அது ஊசிப்போச்சுங்க. பாருங்க, நூல் நூலா வருது. என்னோடதை எடுத்துக்குங்க, தங்கம் மாதிரி இருக்கு.”

அது காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன மச்சான், முகம் காடியா இருக்கு? எந்தப் பீப்பாய்ல வாயை வச்சீங்க?”

“தலைவலி மாப்ளை.”

அவரே கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். விழுங்கினேன். வலியில்லாதவன் மாத்திரை விழுங்கினால் கசப்பு போக நேரமாகிறது.

சில நாள் கழித்துப் பெரிய தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. பீர் புளிக்கும்போது வரும் வாயு காற்றைவிடக் கனமானது. பீரை வடித்த பிறகும் அடியில் தேங்கி நிற்கும். அதில் மனிதன் மூச்சு விட முடியாது. அதனால் எரியும் மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்போம். அணையாவிட்டால் ஆள் இறங்கலாம். இறங்கியவர் அவ்வப்போது தொட்டியின் மரப்பலகையைத் தட்ட வேண்டும், மேலே இருப்பவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். இது எங்கள் பழக்கம். அன்று மெழுகுவர்த்தி பார்ப்பது என் முறை.

பாதியிலேயே அணைந்துவிட்டது.

“பாத்தாச்சா மச்சான்?” என்று தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தார்.

“பாத்தாச்சு. இறங்குங்க.”

ஏணி நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். “மூக்கு ஏன் இப்படி எரியுது?”

“புளிப்பு வாடைதான் மாப்ளை. இன்னைக்குப் புதுசா என்ன?”

“உங்க மூக்கு சொன்னா சரி,” என்று இறங்கினார்.

ஒருமுறை தட்டினார். நானும் பதிலுக்குத் தட்டினேன். அது மரியாதை.

விபத்து என்று எழுதினார்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருந்தது என்றேன், நம்பினார்கள். காரியங்களை நானே முன்னின்று செய்தேன். தங்கை வீட்டுக் கூரை ஒழுகியது, ஆள் வைத்துச் சரிசெய்தேன். அண்ணன் செய்ய வேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை.

கூடத்தின் சாவி இப்போது அவளிடமும் இருக்கிறது. நேற்று ஒரு கிளாஸைத் துணியால் மூடி எடுத்து வந்தாள். என் பீப்பாயில் பிடித்தது. தெளிந்திருந்தது, பொன் நிறம், ஒரு நூல் இல்லை.

“அவர் இருந்தா அவர் கையாலேயே கொடுத்திருப்பார் அண்ணா,” என்றாள். “அந்த விடுதிக்காரர் இதை அடிமாட்டு விலைக்கு எடுத்து, மட்டமான பீர்ல கலந்துடப் பார்த்தாராம். அதைத் தடுக்கத்தான் ஊசிப்போச்சுன்னு சொல்லித் தன்னோடதைக் கொடுத்து அனுப்பினாராம். ‘பொய் சொல்லிட்டேன், சாமி மன்னிக்கணும். தெளிஞ்சதும் மச்சானுக்கு முதல் கிளாஸைக் கொடுத்துட்டு விஷயத்தைச் சொல்றேன். இப்பவே சொன்னா மனுஷன் பதறிப்போய்த் தினம் திறந்து திறந்து பார்த்தே கெடுத்துடுவாரு’ன்னு சிரிச்சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குடிங்க அண்ணா. அவருக்காக.”

குடித்தேன். நன்றாக இருந்தது. கிளாஸைக் கழுவிக் கொடுத்தேன்.

ஆனால் அவர் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது சரியில்லை, ஐயா. அதற்காகத்தான் வந்தேன். அணைந்த மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவரை இறங்கச் சொன்னவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில், அவசரத்தில் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். மூடியைச் சாத்திவிட்டுப் பலகையில் காதை வைத்து, இனி தட்டமாட்டார் என்று தெளிவாகும் வரை, திறந்தே பார்க்காமல் பொறுமையாகக் காத்திருந்தேன்.