ஜெட் காற்றில் உலர்ந்த விரிப்புகள்

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வலது தோள் குடைய ஆரம்பித்துவிடும். பதினோரு வயதிலிருந்து கல்லில் துணி அடித்த தோள். தைலம் தேய்த்தால் அரை மணி தாங்கும், பிறகு பழையபடிதான். சேலையூர் ஏரித் துறையில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். மழைக்காலம் என்றால் துணி வெளுக்கிறவனுக்கு என்ன என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காக இதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஏகநாதன். எட்டாவது வரை படித்தேன். துணிக்குத் துணி குறி எழுதிக் கையெழுத்து நன்றாக வந்துவிட்டது, அதனால் இதை நானே எழுதுகிறேன். போலீஸ்காரர்கள் ஏழு வருஷத்துக்கு முன்பே இந்த விஷயத்தை மூடிவிட்டார்கள். அதன்பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அறுபத்தேழாம் வருஷம் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வண்டி நிறைய விரிப்பு. வெள்ளாவி வைத்து, அலசி, காய்ந்த துணியாக மறுநாள் மாலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறை ஈரத்துணி கொடுத்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அப்படித்தான் அதற்கு முன்பிருந்தவனிடமிருந்து எனக்கு வந்தது. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நான், என் தங்கை அஞ்சம்மாள், அவள் புருஷன் ஜெயவேலு, மூன்று பேருமாகச் செய்தோம். வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி வந்தது. ஆறு நாள் சூரியனைக் காணவில்லை. வெள்ளாவி அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பார்த்தோம், விரிப்பெல்லாம் புகைக்கறை. அந்த மாதம் இரண்டு முறை ஈரத்துணி கொடுத்தாயிற்று.

ஏரிக்கு அந்தப் பக்கம் விமானத் திடல். அங்கே மெக்கானிக்காக இருந்த தனசிங் சார் எங்களிடம் துணி போடுவார். அவர் துணியைக் கொடுக்கப் போன ஜெயவேலு அரை ஓட்டமாகத் திரும்பி வந்தான்.

"மச்சான், இந்தத் துண்டத் தொட்டுப் பாரு. நனைஞ்சுகினு போனேன். வேலியாண்ட ஒரு ஏரோப்ளேன நிக்க வச்சு எஞ்சின ஓட்டிகினு கீறாங்க. பின்னாடி வர்ற காத்துல நின்னேன். ஒரு பீடி புடிக்கிற நேரம், காஞ்சிடுச்சி."

துண்டு முறுமுறுவென்று இருந்தது.

நான்கு நாள் தனசிங் சார் பின்னாலேயே அலைந்தேன். முடியவே முடியாது என்றார். ஐந்தாம் நாள் அஞ்சம்மாள் வயிற்றுப்பிள்ளையோடு மழையில் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றாள். மனுஷர் இரங்கிவிட்டார். மேலே யாருக்கும் தெரியாமல் செய்த உதவி அது. அவருடைய தப்பு அவ்வளவுதான்.

வேலி கிழிந்திருந்த வழியாக எங்களை உள்ளே கூட்டிப்போய், எஞ்சின் ஓடாத நேரத்தில் காட்டி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொன்னார்.

"ஏகநாதா, இதுக்கு முன்பக்கம் போனா உள்ளே இழுத்துக்கும். பின்பக்கம் போனா தூக்கி எறியும். மெதுவா ஓடறப்ப வர்றது சூட்டுக் காத்துதான், சமாளிக்கலாம். முழு வேகம் வச்சா ஆள் நிக்க முடியாது, கல்லெல்லாம் பறக்கும். அதைவிட இந்தக் காது. வலிக்காமலே போயிடும்பா. போனது திரும்பாது."

எஞ்சினிலிருந்து எழுபது அடி அளந்து ஒரு முளை அடித்துச் சிவப்புத் துணி கட்டினார். அதைத் தாண்டி எஞ்சின் பக்கம் வரக் கூடாது. எஞ்சினை முதலில் மெதுவாகக் கால் மணி நேரம் ஓட்டுவார்கள், எங்கள் வேலை அந்த நேரத்தில். வேகம் கூட்டுவதற்கு முன்னால் அவர் விமானத்துக்கு மறுபுறம் நின்று ஒரு சிவப்புக் கொடியை உயரத் தூக்குவார், அங்கிருந்து நாங்கள் அவர் கண்ணில் பட மாட்டோம். தூக்கியபின் முப்பது எண்ணுவார். அதற்குள் பக்கத்தில் இருந்த மழைநீர்க் கால்வாயில் இறங்கிப் படுத்துவிட வேண்டும். காதில் வைக்க ஒரு ஜோடி ரப்பர் அடைப்பான் கொடுத்தார். ஒரு ஜோடிதான் அவரால் முடிந்தது.

அந்தக் காற்றில் கயிறு கட்டினால் நிற்காது. ஒருவன் எஞ்சினுக்கு முதுகு காட்டி நின்று விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடிப்பான். காற்று விரிப்பைக் கொடி மாதிரி நீட்டிவிடும். அது கிழியாமல் இன்னொருவன் எதிரே நின்று வால்பக்கத்து இரண்டு முனைகளைப் பிடிப்பான். எதிரே நிற்பவனுக்கு எஞ்சினும் கொடியும் தெரியும், முதுகு காட்டி நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. கொடியைப் பார்த்ததும் எதிரே நிற்பவன் விரிப்பை இரண்டு முறை வெட்டி இழுப்பான். அதுதான் சொல். அந்தச் சத்தத்தில் வாயால் சொல்ல வழியில்லை.

எதிரே நின்றவன் நான். முதுகு காட்டி நின்றவன் ஜெயவேலு. ரப்பர் அடைப்பானையும் நானே வைத்துக்கொண்டேன். கொடியைப் பார்க்கிறவனுக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா. அவனுக்குப் பஞ்சு கொடுத்தேன்.

ஈரத்துணி என்ற பேச்சே அதன்பிறகு இல்லை. விரிப்பில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஜெயவேலு முந்திக்கொண்டு, "மூட்டப்பூச்சி வராம இருக்க மருந்து தெளிக்கிறோம் சிஸ்டர்" என்றான். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்கு இன்னொரு வார்டும் சேர்ந்து வந்தது.

துணி கூடியதும் கால் மணி நேரம் போதவில்லை. கிட்டே போனால் சீக்கிரம் காயும். அடுத்த வருஷம் முளையைப் பிடுங்கி அறுபது அடியில் நட்டேன். அதற்கடுத்த வருஷம் ஐம்பது. எழுபதாம் வருஷம் முப்பத்தைந்தில் நின்றோம். புல் வளர்ந்திருந்ததால் தனசிங் சாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஜெயவேலுவுக்குத் தெரிந்தது. அவன் முதுகுத் தோல் கறுத்து உரிந்தது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற ஆள் அவன்.

காது போய்க்கொண்டிருந்தது. முதலில் பஸ் ஆரன் கேட்கவில்லை. பிறகு பேச்சு. அவனே கத்திக் கத்திப் பேச ஆரம்பித்தான். துறையில் எல்லாரும் கேலி செய்தார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"காது போனா இன்னா மச்சான், உன் தங்கச்சி திட்றது கேக்காது. உனக்குக் கீதா அந்தக் குடுப்பினை?"

"அய்ய, வாய மூடிகினு துணிய அடி" என்று அஞ்சம்மாள் ஈரத்துணியை அவன்மேல் வீசுவாள். அவனுக்கு ஈரம் தெரியும், வார்த்தை தெரியாது.

எழுபதாம் வருஷம் கார்த்திகையில், விரிப்பு கொடுக்கப் போன இடத்திலேயே டாக்டர் வேதசிரோமணி அவனை உட்காரவைத்துக் காதைப் பார்த்தார். நல்ல டாக்டர். எழுதிக் காட்டிக் கேட்டாராம்: சத்தம் போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறாயா, எங்கே, எத்தனை வருஷமாக. ஜெயவேலு தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டான். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் துணி ஏற்றும்போது என்னிடம் சொன்னான், தெருவே கேட்கிற மாதிரி.

"மச்சான், நாளைக்கு டாக்டராண்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். இன்னா இடம்னு சொன்னாதான் மருந்து குடுப்பாராம்."

நான் அவன் முகத்துக்கு நேரே நின்று வாயை அசைத்துச் சொன்னேன். "சொன்னா அந்த இடம் போயிடும். மழையில் துணி எங்கே காய வைப்பே? வேலையே போயிடும்."

"போவட்டும் மச்சான். வேற வேல பாத்துக்கலாம். கொளந்த அப்பான்னு கூப்புடுதாம். எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியுது."

நான் சரி என்று தலையாட்டினேன். அவன் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். மனசில் வேறு எதையும் வைத்துக்கொண்டு நான் கிளம்பவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

தூறல் இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு விரிப்பு காய்ந்து, பத்தொன்பதாவதைப் பிடித்திருந்தோம். கொடி ஏறியது. பார்த்தேன். தூறலிலும் தெளிவாகத் தெரிந்தது. பழக்கப்படி எண்ண ஆரம்பித்தேன். ஏழு எட்டு வரைக்கும் இழுக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. எனக்கு முன்பு ஆஸ்பத்திரி வேலையைச் செய்தவன் ஞாபகம் வந்தது. வேலை போனபின் அவன் பல்லாவரம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போனான், ஐம்பத்திரண்டு வயதில்.

முப்பது எண்ணும் நேரம் சின்ன நேரம் இல்லை. ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள். பதினைந்தில் ஜெயவேலு என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்குக் கேட்கவில்லை. இருபத்திரண்டில் என் கையிலிருந்த இரண்டு முனைகளையும் விட்டேன். விட்டுவிட்டுக் கால்வாயில் இறங்கிப் படுத்தேன்.

விரிப்பின் வால் சேற்றில் விழப்போனால் எங்கள் ஆள் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் வாரிப் பிடிப்பான். விழுந்தால் மறுபடி வெள்ளாவி, மறுபடி அலசல். நான் எங்கே போனேன் என்று தேடிப் பார்க்கத் தோன்றாது. ஜெயவேலு குனிந்து விரிப்பை வாரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். அவன் அதைத்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். முனைகளை விடும்போதே தெரியும்.

முழு வேகம் வந்தது. விரிப்பு கப்பல் பாய் மாதிரி விரிந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. வேலியின் கல்தூணில் போய் அடித்தான். எஞ்சினை நிறுத்தியபின் நானும் தனசிங் சாரும் ஓடியபோது உயிர் இல்லை. விரிப்பை நான்தான் பிரித்து எடுத்தேன்.

போலீஸ் விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொடி ஏறியதா என்றார்கள், ஏறியது என்றேன். நீ என்ன செய்தாய் என்றார்கள். இரண்டு முறை வெட்டி இழுத்தேன், அவன் கவனிக்கவில்லை, காது கேட்காதவன், வரவரப் புத்தியும் கொஞ்சம் மந்தமாக இருந்தது என்றேன். அவன் காது கேட்காதவன் என்பதற்கு டாக்டரே சாட்சி. எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். தனசிங் சாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கொடி ஏறிச்சுன்னு உண்மையைச் சொல்லி என்னைக் காப்பாத்தின ஏகநாதா, ஆண்டவர் உன்னைப் பாத்துக்குவார்" என்றார். அவர் கை சூடாக இருந்தது. நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசியும் வந்தது. விரிப்புகள் இருந்தன, எஞ்சினும் ஓடியது. இரண்டு பேர் இல்லாமல் விரிப்பைப் பிடிக்க முடியாது. வேலியின் கிழிசலை யாரும் சரிசெய்திருக்கவில்லை, அந்த வழியாகவே யாருக்கும் தெரியாமல் அஞ்சம்மாளைக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை நான் கவனமாக இருந்தேன். முளையைப் பழையபடி எழுபது அடியில் நட்டேன். கொடி காட்ட ஆள் இல்லாததால், வேகம் கூட்டுவதற்கு முன்னால் பைலட் தன் ஆட்களுக்குக் கண்ணாடிக்குள் கையை அசைத்துக் காட்டுவதைப் பார்த்து நானே ஒவ்வொரு முறையும் சரியாக இழுத்தேன். ஒரு முறைகூடத் தவறவில்லை. அவளுக்கு ஒரு கீறல் விழவில்லை. முந்தானையை இழுத்துக் காதோடு சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். மூன்று மழைக்காலம் அப்படி நின்றாள், புருஷன் நின்ற பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. எழுபத்துநாலில் அங்கே மதில் எழுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். எனக்கு வேலை போயிற்று. ஜெயவேலு சொன்ன மாதிரி வேறு வேலை பார்த்துக்கொண்டோம். பஜாரில் இஸ்திரிக் கடை வைத்தோம். பிழைப்பு நடக்கிறது. அப்போதும் நடந்திருக்கும்.

அஞ்சம்மாளுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்காது. மகள் இரைந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஆனால் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொள்வாள், அவ்வளவு கெட்டிக்காரி. கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க அண்ணன் இல்லன்னா நானும் எம்பொண்ணும் தெருவுல நின்னிருப்போம்" என்று உரக்கச் சொல்வாள். நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அவளிடம் சொல்லிவிட்டேன். கொடி ஏறியதைப் பார்த்தேன், இழுக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன் என்று முழுசாக, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. பாரம் இறங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன். நான் சொல்லும்போது அவள் குனிந்து துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நின்றுதான் சொன்னேன்.

அவள் முகத்துக்கு நேரே நின்று, என் வாய் அவளுக்குத் தெரியும்படி, அதை ஒருமுறை சொல்ல வேண்டும். அந்தக் கடனை நான் இன்னும் தீர்க்கவில்லை.