பின்சீட்டில் இருந்த ஐம்பத்து மூன்று கிலோ

என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது அறுபத்து நான்கு. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். இன்று வியாழக்கிழமை காலை என் காரைச் சோதனை போட வந்த சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

என்னுடைய கார் இருபத்து மூன்று வருடம் பழையது. என் மனைவிக்கு வயது ஐம்பத்தொன்பது. முதுகெலும்பில் தேய்மானம் இருப்பதால், காலை நீட்டிக்கொள்ள வசதியாக எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். இரண்டு வருடம் முன்பு, பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களை வீட்டிலேயே நான் மாற்றினேன். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். அது தப்பு. சக்கரம் ஊன்றி, வண்டியில் ஆள் எடையும் ஏறிய பிறகுதான் அவற்றை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். அப்போது எனக்கு இது தெரியாது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி செய்தேன்.

அதன்பிறகு ஐந்தாறு மாதத்தில் வலது பின்பக்கம் டொக் டொக்கென்று சத்தம் வர ஆரம்பித்தது. மனைவி பலமுறை சொன்னாள். நான் இறங்கிக்கூடப் பார்க்காமல் ரோடு சரியில்லை என்றேன். அதன்பிறகு, இப்போதிலிருந்து ஐந்து மாதம் முன்பு, டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் வேகத்தடையில் வண்டி குதித்ததும் அவள் அம்மா என்று அலறிவிட்டாள். “ஊருல இல்லாத இடுப்பு வலி” என்று நான் சொன்னேன். அதன்பிறகு அவள் ஒன்பது நாள் தேவைக்கு மட்டும் பேசிவிட்டு, பத்தாம் நாள் ஒரு பெட்டியோடு தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். “பஸ்ஸே தேவலைங்க” என்றாள். எங்களுக்குள் கைகலப்போ வேறு தகராறோ கிடையாது.

மாடியில் குடியிருக்கும் டியூஷன் டீச்சர் என் மனைவியை அக்கா என்று கூப்பிடுபவர். அவர் விசாரித்தபோதெல்லாம் வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லிவந்தேன். எந்த வெள்ளிக்கிழமை என்று நானும் சொல்லவில்லை, அவரும் மரியாதைக்குக் கேட்கவில்லை.

போன மாதம் காரின் பின்பக்கத்தைப் பிரித்தேன். வலது பக்க புஷ் தொட்டதுமே பிய்ந்து வந்தது. அவள் இத்தனை நாள் சொன்ன சத்தம் அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காருக்கு அடியிலேயே படுத்திருந்தேன். எழுந்து வா என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அதன்பிறகு இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர், நான்கு புஷ் புதிதாகப் போட்டேன். டார்ச் பிடிக்க ஆளில்லாததால் வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ததில் பதினாறு நாள் ஆயிற்று. இந்தத் தடவை போல்ட்டுகளை இறுக்காமல் தளர்வாக விட்டு, நான்கு சக்கரங்களையும் மரக்கட்டைகள் மேல் இறக்கினேன். இனி பின்சீட்டில் எடை வேண்டும். உட்கார ஆளில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை இரண்டு சாக்கில் மணல் நிரப்பினேன். லிஃப்ட் வேலையில் ஒரு நபர் என்றால் அறுபத்தெட்டு கிலோ என்பது எங்கள் கணக்கு. கைப்பழக்கத்தில் அதே அறுபத்தெட்டை நிறுத்து வைத்துவிட்டேன். பிறகு யோசித்ததில், கட்டிய மனைவியை ஒரு நபராகக் கணக்குப் போட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவளுக்குப் போன் செய்தேன். ஐந்து மாதத்தில் நான் செய்த முதல் போன் அதுதான். “உன் வெயிட் எவ்வளவு?” என்று கேட்டேன். “அஞ்சு மாசம் கழிச்சு கேக்குற கேள்வியா இது?” என்றாள். பிறகு “அம்பத்து மூணு” என்று சொல்லி வைத்துவிட்டாள். இங்கிருந்து போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது. நான் சாக்கிலிருந்து பதினைந்து கிலோ மணலை அள்ளினேன். அதில் ஏழு கிலோ என் லிஃப்ட் கணக்குத் தப்பு. மீதி எட்டு கிலோ எப்படிக் குறைந்ததென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

அதன்பிறகு ஒரு சாக்கின் மேல் இன்னொன்றை வைத்து, சரியாமலிருக்க சீட் பெல்ட் போட்டு, மணல் சிந்தாமலிருக்க அவள் விட்டுப்போன சால்வையைப் போர்த்தினேன். லிஃப்டில் புதுக் கயிறு மாட்டினால் எடையேற்றி இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம். அதேபோல் ஸ்பிரிங் படியட்டும் என்று விட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் படியிறங்கும்போது காரைப் பார்த்து, “அக்கா வந்துட்டாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை, அது மணல் மூட்டை என்று சொல்லியிருக்கலாம். “ஆமா, அசதியா இருக்கா” என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது காதுக்கு நன்றாக இருந்தது, வேறு காரணம் இல்லை. இன்று காலை அவர் கார் கண்ணாடி அருகே நின்று சால்வையிடம் நலம் விசாரித்திருக்கிறார். பதிலும் இல்லை, அசைவும் இல்லை என்றதும் பயந்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, “மூட்டைக்கு எதுக்கு சார் பெல்ட்டு?” என்றார். சாயாமலிருக்க என்றேன். அதன்பிறகு அவர் என் மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “உயிரோடதான் சார் இருக்கேன். எங்க இருக்கேன்னு அவருக்கும் தெரியும்” என்றாள். மூட்டை விஷயத்தை அவர் எடுத்துச் சொன்னார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று ஸ்பீக்கரில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு, “அந்த டொக் டொக் நின்னுடுச்சான்னு கேளுங்க” என்று அவரிடமே சொன்னாள். “எனக்குத் தெரியல. போல்ட்டு இறுக்கி ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன். சத்தத்தைப் பற்றி இந்த ஒன்றரை வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன நேர்மையான பதில் இதுதான். “சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போல்ட்டுகளை இறுக்கும்வரை மூட்டைகளை இடத்தை விட்டு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை இறுக்குவதாக இருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் டீச்சரிடம் நான் சொன்ன இரண்டு மட்டும் பொய். ஒன்று, மனைவி வந்துவிட்டாள் என்றது. மற்றொன்று, வெள்ளிக்கிழமை வருவாள் என்றது. அவள் எந்தக் கிழமையும் என்னிடம் சொல்லவில்லை. பாக்கி அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)