நான்கு விரல் சன்னல்

வேங்கிக்காலில் குளிர்காயக் கணப்பு வைத்துக் கட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான். தபால்காரர்கூட எங்களைச் சிம்னி வீடு என்றுதான் சொல்வார். வெயிலுக்குப் பேர்போன ஊரில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் என் அப்பா வேடியப்பன் முப்பத்திரண்டு வருடம் நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எண்பத்தொன்பதில் இங்கே மனை வாங்கிக் கட்டியபோது, பூஜை அறைக்கு முன்பே, தன் படுக்கையறையில் கணப்புக்குத்தான் இடம் குறித்தார். அருணகிரி மேஸ்திரிக்கு அதில் அனுபவம் கிடையாது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிச் சொல்லிக் கட்ட வைத்தார்.

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

கணப்பைக் குளிருக்குத் தயார் செய்வது இரண்டு நாள் வேலை. ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் நான் மொட்டை மாடிக்கு ஏறுவேன். புகைபோக்கியின் வாயில் கட்டிய கம்பி வலையைக் கழற்றி, சவுக்குக் கழியில் கட்டிய தென்னந்துடைப்பத்தை உள்ளே விட்டு நாலு பக்கமும் தேய்ப்பேன். மூன்று நாளைக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஒரு வருடம் வலை கிழிந்திருந்ததில் மைனா கூடு கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புது வலை போட்டேன். அப்புறம் கீழே வந்து செங்கல் இடுக்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பிடித்தால், புகை மேலே போகிறதா அறைக்குள் திரும்புகிறதா என்று தெரிந்துவிடும். விறகு ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். சன்னல் எப்போதும் நான்கு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும்.

புகைபோக்கியின் கழுத்தில் ஓர் இரும்புத் தகடு உண்டு. நெருப்பு இல்லாதபோது மழையும் பூச்சியும் இறங்காமல் அதை மூடி வைப்போம். அப்பா வருடா வருடம் சொல்வார்.

"தனம், தணல் முழுசா அவியாம தகட மூடாத. புக வர்றப்ப பயம் இல்ல, கண்ணு எரியும், எழுந்து ஓடிடலாம். புக இல்லாத தணல்தான் ஆளத் தூக்கும். வாசனையே இருக்காது."

எஸ்டேட்டில் ஒரு குளிர்காலத்தில் இரண்டு காவல்காரர்கள் கரி அடுப்போடு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்களாம். காலையில் பார்த்தால் நன்றாகத் தூங்கி எழப்போகிறவர்களைப் போல முகம் சிவந்து கிடந்தார்களாம். இந்தக் கதையைப் பத்து தடவையாவது கேட்டிருப்பேன்.

தொண்ணூற்று மூன்றில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கலெக்டர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட்டாக இருந்த நான் வேலையை விட்டேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் வராத நோயாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னார். ஐந்து வருடம் நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. கடைக்குப் போகும் வழியில், எதற்கு வந்தேன் என்று மறந்து நின்றிருக்கிறேன். சோற்றைப் பிசைந்தபடி கண் மூடிப் போயிருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. களைப்பு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

போன கார்த்திகையில், தீபம் முடிந்து கூட்டம் கலைந்த வாரம், என் தங்கை வினோதினி பெங்களூரிலிருந்து வந்தாள். வந்த அன்றே என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, கண்ணாடியில உன்ன நீ பாத்தியா? அறுபது வயசு மாரி இருக்க. போதும் நீ பட்டது. அப்பாவ நான் இட்டுனு போறேன்."

"உன்னால முடியாது" என்றேன்.

"ஏன் முடியாது? ஒரு நர்ஸ் வச்சுக்கறேன். நீ கொஞ்ச நாளு நிம்மதியா தூங்கு. சொல்லுங்கப்பா, எங்கூட வர்றீங்களா?"

அப்பாவுக்குப் பேச்சு குழறும். ஆனால் அன்று தெளிவாகவே சொன்னார்.

"சரிம்மா. எப்போ போலாம்?"

என்னைப் பார்க்கவில்லை. நான் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்தேன். அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் நான்தான். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று வினோதினிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல பெண்தான். அவளைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன்.

கார் வெள்ளிக்கிழமை காலை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா குளிருகிறது என்றார். காலையிலேயே கணப்பு மூட்டினேன். பகல் சாப்பாடு முடிந்தபோது விறகெல்லாம் எரிந்து நல்ல தணலாகியிருந்தது. அதன்மேல் அரை முறம் அடுப்புக்கரி கொட்டினேன். கரி சிவக்கும்வரை காத்திருந்தேன். அப்பா அதற்குள் தூங்கிவிட்டார். வினோதினி கூடத்தில் படுக்கப் போனாள். அங்கே சாரல் அடிக்கிறது, அப்பாவோடு வெதுவெதுப்பாகப் படுத்துக்கொள் என்று சொல்லி, நான்தான் அறைக்குள் பாய் விரித்தேன். பிரயாணக் களைப்பு அவளுக்கும் தீரவில்லை. ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

பிறகு தகட்டை மூடினேன். சன்னலை மூடினேன். ஊதக்காற்றில் அறைக் கதவு அடித்துக்கொள்ளும் என்பதால் வெளியே தாழ் போட்டேன். குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது மணி ஐந்து. தாழை எடுத்தேன். கதவு திறக்கவில்லை. வினோதினி எழுந்து கதவு வரைக்கும் வந்திருக்கிறாள். தோளால் மெல்லத் தள்ளித்தான் உள்ளே போக முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சன்னலைத் திறந்தேன், தகட்டைத் திறந்தேன். வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்று மறுபடி போனேன். அப்பா நான் படுக்க வைத்தபடியே இருந்தார். புரட்ட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. இடது பக்கமாகப் புரட்டித் தலையணையைச் சரி செய்தேன். தலை வாரிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு மணியம்மாளைக் கூப்பிட்டேன்.

விபத்து என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்தார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு மாதம் அப்படியே போயிற்று. போன வாரம் அருணகிரி மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மூணு தபா ஸ்டேஷனுக்குக் கூப்ட்டாங்கம்மா. நான் கட்னது சரியில்லனு சொல்றாங்க. இப்போ யாரும் வேலைக்கே கூப்புடறதில்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் கையில் உங்கள் ஆட்கள் கொடுத்த விசாரணை அறிக்கையின் நகல் இருந்தது. வாங்கிப் படித்தேன். புகைபோக்கி முறையாகச் சுத்தம் செய்யப்படாமலும் பராமரிப்பு இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடம் நான் சுத்தம் செய்த புகைபோக்கி அது. போன ஐப்பசியிலும் செய்தேன். தாளைக் கொளுத்திப் பார்த்தேன், புகை நேராக மேலே போனது. வேண்டுமென்றால் இப்போதே போய்ப் பாருங்கள். மேஸ்திரி மேலும் தப்பில்லை. இதைத் திருத்தி எழுதச் சொல்லத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டீர்கள். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் கார் வந்திருக்கும், உங்கள் அப்பாவே போயிருப்பார், உங்களுக்கும் ஓய்வு கிடைத்திருக்குமே, அப்புறம் ஏன் என்று. இந்த நாலு மாதமும் நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். இருந்தாலும் இரண்டு மணிக்கொரு தரம் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போய் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். நீங்கள் கேட்டதை அப்போதெல்லாம் நானும் யோசித்திருக்கிறேன்.

பெங்களூரில் குளிர் ஜாஸ்தி, சார். அப்பாவின் உடம்பு அதைத் தாங்கியிருக்காது.