கொரட்டூர் ஏரியருகே கேட்ட சிரிப்பு

ஐயா, அம்மணி! பேசும்படங்கள் புதிதாய் வந்த காலத்தில், ஆவடியிலிருந்து பட்டணம் சென்ற ரயிலில் அடியேன் கேட்டது இது. பிள்ளையைப் பறிகொடுத்தபின் சிரிப்பையே மறந்துவிட்ட மனைவியைப் படம் பார்க்க அழைத்துச் சென்றார் ஒருவர். எதிரே அமர்ந்திருந்த சினிமாப் பித்தரிடம் யோசனை கேட்டார்.

“இவளுக்கு இன்னா படம் காட்டலாம், அண்ணாத்தே?”

“கத்திச்சண்டைப் படம் பார்த்தா தூக்கம் வராது, நைனா. குடும்பப் படம் அழ வெச்சிடும். சாமி படம்தான் படம்! கோயிலாட்டம் செருப்பை வாசல்லியே உட்டுட்டுத்தான் உள்ளே போவேன்.”

“அப்பால?” என்று அந்த மனைவியே கேட்டாள்.

“உள்ளே சாமி தோணிச்சு, தாயி. வெளியே செருப்பு மறைஞ்சிடுச்சு!”

கொரட்டூர் ஏரியைக் கடக்கையில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டி முழுவதும் வியந்து நோக்கியது.

கணவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லு, அண்ணாத்தே” என்றார்.

இதைப் படிக்கும் தாங்கள் இக்குறிப்பைப் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.